கல்யாணராமனின் பாட்டில்

என் கணவர் கல்யாணராமன் சர்க்கரை வியாதிக்கு எட்டு வருஷமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஊசி பிரமாதமாக வேலை செய்கிறது என்று கோபாலபுரத்து டாக்டர் நல்லசிவம் எழுபத்து நாலில் ஒரு மாநாட்டில் கட்டுரையே வாசித்தார். அதில் இவர்தான் முதல் உதாரணம். பாவம், டாக்டர் பார்த்ததெல்லாம் என் மூத்திரத்தை.

அந்த டாக்டருக்கு ஒரு வழக்கம். மாதம் ஒரு முறை நோயாளிகள் கொண்டுவரும் சிறுநீரை மருந்து விட்டுக் காய்ச்சி, கண்ணாடிக் குழாயைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடிப்பார். நீலம் என்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறம் என்றால் ஏகச் சர்க்கரை, ஏகத் திட்டு. இவரோ ஆபீசில் இருபது குமாஸ்தாக்களைத் திட்டியே பெரிய மனிதரானவர். தான் வாங்கிய ஒரு திட்டு தாங்கவில்லை. சபா கேண்டீன் அல்வாவை விட்டிருக்கலாம். "ஊசி போட்டுக்கறதே சாப்பிடறதுக்குத்தானேடி" என்பார். மறுமாதம் பாட்டிலை என்னிடம் நீட்டினார். புருஷன் கேட்டதைக் கொடு என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இதையுமா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் மாதம் தவறாமல் நீலம்தான். இவருக்கு மூன்று தடவை கண்ணாடி மாறியது. ஆடியில் கால் பெருவிரலில் வந்த புண் தை முடிந்தும் ஆறவில்லை. டாக்டர் ஆளைப் பார்த்தால்தானே? குழாயைப் பார்த்து ஊசியைக் குறைவாகவே வைத்திருந்தார். படித்த முட்டாளுக்கு யார் சொல்வது?

மாசியில் செங்கல் நிறம் வந்தது. டாக்டர் பதறிப்போய் ஊசியை இரட்டிப்பாக்கினார்.

"அப்படின்னா சர்க்கரை எனக்குன்னா வந்திருக்கு!" என்றேன்.

"யாருக்குத்தான் இல்லே?" என்று இவர் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

கூத்தைக் கேளுங்கள். இரட்டை ஊசியில் இரண்டே மாதத்தில் இவர் புண் ஆறியது. ஆரம்பத்திலிருந்தே போட்டிருக்க வேண்டிய அளவு அதுதான். நானோ துரும்பாய் இளைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போகிறேன் என்றதும் இவர் முகம் மாறியது.

"இப்போ போகாதேடி. நீ மாத்திரை சாப்பிட்டா பாட்டில் நீலமாயிடும், டாக்டர் என் ஊசியைக் குறைச்சுடுவார். கால் நன்னா தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

முப்பது வருஷம் பொங்கிப் போட்டதற்கு இதுதான் மரியாதை. மறுநாளே மயிலாப்பூரில் பஸ் ஏறிப் போய், கூடம் நிறைய ஆட்கள் பார்க்க, பாட்டிலை டாக்டர் மேஜையில் வைத்தேன்.

"இது யாருதும்மா?"

"என்னுது. இத்தனை வருஷமா எங்காத்துலேர்ந்து வந்ததும் என்னுதுதான்."

டாக்டர் மாதா மாதம் நீலம் என்று எழுதிவைத்த இவருடைய கார்டை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதை இப்ப எப்படிம்மா திருத்தறது?"

"அதை அப்புறம் திருத்திக்கோங்கோ. மொதல்ல எனக்கு ஒரு கார்டு போடுங்கோ. பேர் ஜெயலக்ஷ்மி. வயசு நாப்பத்தெட்டு."