விரிசல் என்று சொன்ன கோடு

பழைய கட்டடச் சாமான் வாங்கி விற்கும் இக்பாலுக்கு ஒரு பொருள் பிடித்துப்போனால் முகம் சுளித்துக்கொள்ளும். பபேடான் கடைத்தெரு வியாபாரிகளுக்கு இது தெரியும். அவர் எவ்வளவு மட்டம் தட்டுகிறாரோ அவ்வளவு விலையை ஏற்றிச் சொல்வார்கள்.

லான்மடா பேட்டையில், விற்பதற்காக அவரை அழைத்திருந்த ரேவதி வீட்டுக் கல் படிக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் கடுக்காயைக் கடித்தது போலாயிற்று.

தூண் இல்லை, முட்டு இல்லை. ஒவ்வொரு படியும் ஒரு முனையைச் சுவருக்குள் செருகி, கீழ்ப்படியின் தோளில் உட்கார்ந்து, வளைந்து வளைந்து மாடிக்கு ஏறியது. இத்தாலியில் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கல்தச்சர்களின் வித்தை. எந்தக் கப்பலில் வந்த எவனோ இங்கேயும் செய்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு படியின் அடியில் தன் குறியாகச் சின்ன மீன் ஒன்றையும் செதுக்கியிருந்தான். எதைப் பார்த்தாலும் இதை யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்கும் மனுஷருக்கு, முதன்முறையாக ஒன்றைத் தானே வைத்துக்கொள்ள ஆசை வந்தது. தாமுவேயில் கட்டிக்கொண்டிருக்கும் தன் வீட்டுக்குள் அது வளைந்து ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது.

ஆகவே உதட்டைப் பிதுக்கினார்.

“என்னம்மா ரேவதி, இதையா விக்கணும்னீங்க? பூமி அதிர்ச்சியில விரிசல் விட்டுருக்கு பாருங்க.” விரல் வைத்த இடத்தில் இருந்தது கல்லோடு பிறந்த கோடு. “ஒண்ணு சரிஞ்சா மொத்தமும் சரியும். பிள்ளைங்க வேற ஏறி எறங்குது.”

“அப்படியா பாய்?” என்றாள் ரேவதி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. விலைச்சீட்டு ஒட்டிய கடைகளிலேயே வாங்கிப் பழகியவள். அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

“யோசிச்சு வைங்க” என்று கிளம்பியவர், பேரம் நன்றாக ஊறட்டும் என்று இரண்டு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

திரும்பப் போனபோது மாடிக்கு இரும்புப்படி ஏறியது. வாசலில் கல் சல்லி குவிந்து கிடந்தது.

“வாங்க பாய், லப்பெயே குடிங்க” என்று தேநீரை நீட்டினாள் ரேவதி. “நீங்க சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. பிள்ளைங்கள மாடிக்கே விடல. ஆனா உடைக்க வந்தவங்க பட்ட பாடு! சம்மட்டிக்கே அசையல. வேற வியாபாரின்னா உண்மைய சொல்லியிருப்பானா?”

தேநீரை வைத்துவிட்டு இக்பால் குவியலைக் கிளறினார். மீனின் வால் மட்டும் கிடைத்தது.

“எடுத்துக்குங்க பாய். சும்மாதான கெடக்கு.”

சும்மா. வாழ்நாளெல்லாம் எதிராளி வாயிலிருந்து கேட்க அவர் ஏங்கிய சொல்.

“அப்புறம், இந்தத் தேக்குக் கதவு எப்படி பாய்? நீங்க சொன்னா சரிதான்.”

வாசற்கதவை நிமிர்ந்து பார்த்தார். பழக்கதோஷத்தில் உதடு பிதுங்கப் போயிற்று. பல்லால் கடித்து நிறுத்தினார்.

“நல்ல கதவும்மா. யாருக்கும் குடுத்துடாதீங்க. நான் வந்து கேட்டாலும்.”