ஸ்லைடர் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

வேப்பம்பட்டு மாப்பிள்ளை ராபின், தன் பைக்கையும் பெண்டாட்டியையும் கும்மிடிப்பூண்டி மாமனார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்பு வேப்பம்பட்டில், மழையில் வண்டியை நகர்த்தி நிறுத்தப் போன அவன் பெண்டாட்டி சுகிர்தா அதைச் சாய்த்துவிட்டிருந்தாள். இன்ஜின் கவரில் கீறல், அவள் கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட காயம். ராபின் கண்ணுக்குக் கீறல் மட்டும்தான் பட்டது. "ரெண்டையும் சரி பண்ணி அனுப்புங்க மாமா" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனான்.

மாமனார் இம்மானுவேல் சிப்காட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர். மகள் வாழாவெட்டியாக வந்துவிட்டாளா என்று சர்ச்சில் ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பித்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. எப்படியாவது அவளை அதே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். போக உனக்கு இஷ்டமா என்று அவளைக் கேட்க அவருக்கு நேரமில்லை. புதுக் கவர் போடவும் ஸ்லைடர் வாங்கவும் மட்டும் நேரமிருந்தது.

ஸ்லைடர் என்பது இன்ஜினுக்கு இரு பக்கமும் மாட்டுகிற நைலான் குமிழ். வண்டி சாய்ந்தால் அது முதலில் தரையில் இடிக்கும், இன்ஜின் தப்பித்துக்கொள்ளும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தார். இன்ஜினைத் தாங்கும் போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் கழற்றி, ஸ்லைடரோடு வந்த நீள போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட்டார். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் இன்ஜின் இறங்கிவிடும் என்று, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த மகளுக்கு விளக்கம் வேறு. அவள் ம் கொட்டினாள்.

வேலை முடிந்து ஜாக்கியை எடுத்ததும், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக ராபின் வந்தான். குமிழை ஷூ முனையால் தட்டிப் பார்த்து, இது தாங்குமா என்று கேட்டான். தாங்கும் என்றார் இம்மானுவேல். சாய்த்துப் பார்த்தால்தான் நம்புவானாம். வெறும் வண்டியைச் சாய்த்தால் போதாதாம், மேலே ஆள் வேண்டுமாம்.

"நீதானே வுழ வுட்ட. ஏறு, இன்னொரு தபா வுழு, பாக்கலாம்" என்றான் சுகிர்தாவிடம்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் தான் முறுக்கிய போல்ட்டைச் சந்தேகப்படுகிறானே என்ற ரோஷம் ஒரு பக்கம், கைகூடி வருகிற காரியம் கெட்டுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், இம்மானுவேலின் வாயை அடைத்துவிட்டன.

"ஒக்காரு கண்ணு" என்றார். "ஒண்ணும் ஆவாது. நான் டைட் பண்ணிக்கீறேன்."

ஏறி உட்கார்ந்தாள். ராபின் ஸ்டாண்டை மடக்கிவிட்டு ஒரு தள்ளு தள்ளினான். வண்டி அவளோடு சேர்ந்து சிமெண்ட் தரையில் விழுந்தது.

இம்மானுவேல் ஓடினார். மண்டியிட்டு, கவருக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுத் தடவினார். மூன்று விரல் இடைவெளி இருந்தது. கம்பெனியில் எது விழுந்தாலும் முதலில் பொருளைப் பார்த்தே பழகிய கை அது.

"ஒரு கீறல் இல்ல மாப்ளே" என்றார். சந்தோஷத்தில் கவரை ஒரு தட்டு தட்டினார்.

"அப்பா, கை மாட்டிக்கினுது" என்றாள் சுகிர்தா. ஹேண்டில்பாருக்கு அடியில் அவள் மணிக்கட்டு நசுங்கிக்கொண்டிருந்தது.

தூக்கி நிறுத்தினார்கள். ராபின் வண்டியை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுப் பார்த்தான், திருப்தி. உட்கார்ந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். அப்புறம் அவளைப் பையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னான்.

வீங்கிய கையில் ஈரத்துணியைச் சுற்றிக் கட்டும்போதுதான் இம்மானுவேலுக்குத் தான் செய்தது உறைத்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பையை அவரே தூக்கிக் கொடுத்தார். வலி அதிகமானால் உடனே போன் பண்ணச் சொன்னார்.

சுகிர்தா இடது கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"நான் பண்ண மாட்டேன்பா" என்றாள். "வண்டிக்கு இன்னாவாச்சும் ஆனா, அவரே பண்ணுவாரு."