மோர் மத்தும் ராஜாவின் கோடாலியும்

பானக்பர்ன் ஓடைக்கரையில் ராபர்ட் புரூஸ் ராஜா இங்கிலாந்துப் படையை ஓட ஓட விரட்டிய அந்தக் கோடையில், ஸ்காட்லாந்து முழுக்கத் தேடினாலும் முகம் தொங்கிப்போன ஆள் ஒருவன்தான் கிடைத்திருப்பான். டார்வுட் காட்டோரத்தில் கோடாலிக்கும் ஈட்டிக்கும் காம்பு போடுகிற கில்மோர்.

போருக்கு முந்தின நாள், ஓர் இங்கிலாந்துப் பிரபு பெரிய குதிரையில் ஈட்டியை நீட்டிக்கொண்டு ராஜா மேல் பாய்ந்தான். ராஜா உட்கார்ந்திருந்தது சின்னக் குதிரை. கடைசி நொடியில் ஒதுங்கி, அங்கவடியில் எழுந்து நின்று, கோடாலியால் ஒரே போடு. தலைக்கவசமும் அதற்குள் இருந்ததும் இரண்டாகப் பிளந்தன. 'இப்படித் தனியாகப் போய் நிற்கலாமா' என்று தளபதிகள் கடிந்துகொண்டபோது, ராஜா கையில் மிஞ்சிய காம்பைப் பார்த்து, நல்ல கோடாலி உடைந்துபோயிற்றே என்று மட்டும்தான் வருத்தப்பட்டாராம்.

நாடே இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. கில்மோருக்குக் கஞ்சி இறங்கவில்லை. அந்தக் காம்பைப் போட்டவன் அவன்.

நடந்தது இதுதான். காம்புக்கு ஆஷ் மரத்தை விட்டால் வேறு கிடையாது. அந்த வசந்தத்தில் படைக்கு ஈட்டி செய்யவென்று வெட்டித் தள்ளியதில், காட்டில் அணில் ஏறி இறங்கக்கூட ஓர் ஆஷ் மிச்சமில்லை. கில்மோரின் அடுப்புப் புகையில் ஏழு வருஷம் காய்ந்த ஒரே ஒரு கட்டை இருந்தது. ராஜாவின் கோடாலித் தலை காம்புக்காக வந்த அதே வாரம், அவன் மனைவி மரியோட்டின் மோர் மத்து, அந்த ஊரில் உலக்கை மாதிரி இடித்துக் கடைவது, உடைந்துபோயிற்று. கில்மோர் யோசித்தான். மரியோட் தினமும் மத்தைப் போட்டு இடிப்பவள். ராஜா எங்கே கோடாலி ஓங்கப் போகிறார்? அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. சேணத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வலம் வருவார், அவ்வளவுதான்.

ஆக, ஆஷ் மத்துக்குப் போயிற்று. ராஜாவுக்கு ஆற்றோரத்து ஆல்டர். வெட்டினால் ரத்தம் மாதிரி சிவக்கிற, நகம் இறங்குகிற மெத்து மரம். கரிமண் தண்ணீரில் ஊறவைத்து, வாத்துக் கொழுப்பைத் தேய்த்துக் கொடுத்தான். பார்த்தால் ஆஷ் மரத்துக்கே பாட்டன் போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் மரியோட் மோர் கடையும் 'தொப், தொப்' சத்தம் அவன் நெஞ்சில்தான் விழுந்தது. ஓங்கும்போதே உடைந்திருந்தால்? அடி விழ ஒரு விரற்கடை இருக்கும்போது முறிந்திருந்தால்? ஒரு நாடே ஒரு மெத்துக் கட்டையின் நுனியில் நின்றிருக்கிறது. அதற்குமேல் யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஊர் அவனை விடவில்லை. பக்கத்து வீட்டில் பீர் காய்ச்சும் நெக்டன், தன் வாசல் பீப்பாய் மேல் அவனை உட்கார வைத்து, கையில் குவளையும் கொடுத்து, வழிப்போக்கர்களிடம் காட்டுவான்.

"கில்மோர் அண்ணன் காம்பு சும்மா உடையலப்பா. கவசத்தைப் பொளந்து, மண்டையைப் பொளந்து, சேணத்தையும் பொளந்துச்சு. அடுத்தது குதிரைன்னு வந்ததும், பாவம் வாயில்லா சீவன்னு இரக்கப்பட்டுத்தான் உடைஞ்சுது."

அந்தக் காம்பு உடைந்தபோது தெறித்த சிலாம்பு என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். அறுவடைக்குள் மூன்று ஊர்களில் சேர்ந்த சிலாம்புகளை வைத்து ஒரு களஞ்சியத்துக்குக் கூரை போட்டிருக்கலாம். கில்மோர் ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பிப் பார்த்தான். ஒன்றுகூட ஆல்டர் இல்லை. அந்த மட்டும் ஆறுதல்.

அறுவடை முடிந்த ஒரு காலையில், கொல்பன் என்ற அரண்மனை ஆயுதக்காரர் ஒரு சாக்கோடு வந்து நெக்டன் வாசலில் இறங்கினார். ஒற்றைக் கண்ணர். கில்மோர் குவளையோடு பீப்பாய் மேல் இருந்தான்; சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"இங்க காம்பு போடுற கில்மோர் யாரு?"

"இவர்தான் ஐயா," என்றான் நெக்டன். "இரும்பையே காம்பா போட்டிருந்தாலும் ராஜா அடிச்ச அடிக்கு வளைஞ்சிருக்கும். அதானே ஐயா?"

"அரண்மனையிலயும் அப்படித்தான் பேசிக்கிறாங்க."

கொல்பன் சாக்கிலிருந்து கோடாலித் தலையை எடுத்தார். அதன் துளையில் உடைந்த காம்பு இன்னும் செருகியிருந்தது. ஆப்பைத் தட்டி அதை வெளியே எடுத்து, உடைந்த முகத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் இறங்கியது. ஒற்றைக் கண் கில்மோர் மேல் வந்து நின்றது. வேறு யாரும் கவனிக்கவில்லை.

"புதுக் காம்பு போடணும்," என்றார். "இதே மரத்துலயே போட்டுடலாமா?"

பக்கத்து வீட்டில் தொப், தொப். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஊர் அவனை ஆயுசுக்கும் பீப்பாய் மேலேயே வைத்திருக்கும்.

"வேணாம் ஐயா," என்றான் கில்மோர். "அது ஆல்டர். மரச்செருப்பு செய்யத்தான் ஆகும். சாயம் ஏத்தி ஏமாத்திட்டேன்."

"ஏன்?"

"ராஜா எங்க ஓங்கப் போறார்னு நினைச்சேன்."

நெக்டன் அவன் கையிலிருந்த குவளையை மெதுவாக வாங்கிக்கொண்டான். அதில் பாதி மிச்சம் இருந்தது.

"ஊர்ல ஆஷே இல்லையா?"

"ஒண்ணு இருந்துச்சு ஐயா." கில்மோர் தரையைப் பார்த்தான். "மோர் கடையுது."

தொப் சத்தம் நின்றது. மோர் சொட்டச் சொட்ட மத்தைத் தூக்கிக்கொண்டு மரியோட் வந்தாள்.

"இவ்வளவு நல்ல மரத்தை எனக்குக் குடுத்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்," என்றாள். "இருபது வருசத்துல நீ எனக்கு நல்லதா என்னத்தய்யா குடுத்திருக்க? இந்தா பிடி."

அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, கில்மோர் மத்தின் அடிக்கட்டையைக் கழற்றி, கோலை நறுக்கிச் செதுக்கினான். சாயம் இல்லை, கொழுப்பு இல்லை. துளையில் இறக்கி ஆப்படித்தான். கொல்பன் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"புளிச்ச வாடை அடிக்குதே."

"அடிக்கும் ஐயா."

"ராஜா கேட்டா என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்லிருங்க. இந்தத் தடவை நம்பி ஓங்கலாம்னும் சொல்லுங்க."

கொல்பன் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை. உடைந்த பழைய துண்டைப் பீப்பாய் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தண்டனை வரும் வரும் என்று இரண்டு வருஷம் கில்மோர் குளம்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். எதுவும் வரவில்லை. 'செருப்புக்கட்டை' என்ற பேர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. மரியோட்டுக்கு ஆல்டரில் ஒரு மத்து செய்து கொடுத்தான். அந்த வீட்டு வெண்ணெய்க்கு லேசாகச் சிவப்பு ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மத்து உடையும். அவள் பேசாமல் துண்டுகளைக் கொண்டுவந்து அவன் பட்டறையில் வைப்பாள். அவனும் பேசாமல் இன்னொன்று செதுக்குவான்.

பல வருஷம் கழித்து, காட்டில் ஆஷ் மறுபடி தழைத்ததும், முதல் கட்டையை நன்றாகக் காயவைத்து அவளிடம் நீட்டினான்.

"எனக்கு எதுக்குய்யா?" என்றாள் மரியோட். "ஆல்டரே போதும். ராஜா எங்க வந்து மோர் கடையப் போறாரு?"