மிச்சப் படம்

நெல் களஞ்சியத்தின் கதவுகளைச் சாத்தி, சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, அசறுத் தொழுகைக்குப் பிறகு படம் ஓட்டினார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்த வெள்ளைக்காரர் காலத்து ஊமைப்படம். சீலையில் இங்கிலீசு எழுத்து வரும்போதெல்லாம் லொறிக்கார மஜீட் எழும்பிச் சொன்னான்: "வாடகைக்கு வந்தவன் பெட்டியத் திறக்கிறானில்ல. ஊருல குமருகள் காணாமப் போறாளுகள். விளங்கிச்சா?"

மஃரிபு பாங்கு கேட்டதும் மெஷினை நிறுத்தினார்கள். மிச்சம் நாளைக்காம்.

"உன்ட சாய்ப்பில இரிக்கிறவனும் பெட்டியத் திறக்கானாமே, என்னகா?" வேலியால் எட்டிக் கேட்டாள் முனவ்வறா. நெல் அவித்துப் பிழைக்கும் கைம்பெண் ஜெமீலா அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

வீட்டோடு ஒட்டி இறக்கிய சாய்ப்பில் வாடகைக்கு இருந்தவன் கச்சிமுகம்மது. மில்லில் மூட்டை தூக்குபவன். ஒருநாள் அவன் பெட்டியிலிருந்ததை வெயிலில் காயவைத்தபோது அவள் கண்டுவிட்டாள். மையித்தைச் சுற்றிப் புதைக்கும் கபன் துணி, கற்பூரம், அத்தர்.

"சூறாவளியில மவுத்தான என்ட பிள்ளைகளச் சாக்கில சுத்தித்தான் தாட்ட, ராத்தா. நான் ஊரார் சீலையில போகமாட்டன். ஆருக்கும் சொல்லாதங்க" என்றான்.

மறுநாள் விடிய, தெருக்கோடி வீட்டுக் குமரு நதீராவைக் காணவில்லை. மில்லிலிருந்து கச்சிமுகம்மதுவை இழுத்துவந்து ஜெமீலாவின் முற்றத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

"திறடா பெட்டிய!"

அவன் பெட்டிமேல் கவிழ்ந்து கிடந்தான். "தொடாதீங்க! கழுவாத கையால தொடாதீங்க!"

மஜீட் திரும்பினான். "ராத்தா, உள்ளுக்கு என்ன? உங்களுக்குத் தெரியுமா?"

கச்சிமுகம்மது அவளையே பார்த்தான். சொல்லிவிட ஜெமீலா வாயெடுத்தாள். ஆண்துணையில்லாத வீட்டில், குடியிருப்பவனின் பெட்டிக்குள் இருப்பது உனக்கு என்னண்டு தெரியும் என்று முனவ்வறா கேட்பாளே. ஒரு வாரத்தில் ஊரே கேட்கும்.

"எனக்கென்னண்டு தெரியும் தம்பி? நான் அந்தப் பக்கம் போறயுமில்ல."

அவனுடைய மூட்டைக் கொக்கியாலேயே அவனை அடித்தார்கள். பெட்டி உடைந்தது. வெள்ளைத் துணியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கிழித்த பிறகுதான் கற்பூரம் மணத்தது. அடி நின்றது. அவன் மூச்சும் நின்றிருந்தது.

நடுப்பகல் லுஹருக்கு நதீரா பஸ்ஸில் வந்து இறங்கினாள். உம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டு அட்டாளைச்சேனைச் சாச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

பொலிஸ் வருமுன் அடக்க அவசரம். கபனுக்கு மஜீட் களஞ்சியத்துச் சீலையைக் கழற்றிவந்தான்.

"இனி மிச்சத்த எதுல காட்டுற?" என்றார் படக்காரர்.

"வாயால சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? கடைசியில அவன் ஒண்டும் செய்யாதவன்."

பொழுதுபட முனவ்வறா வேலிக்கு வந்தாள். "உனக்கு ஒண்டும் தெரியாதெண்டு ஊரெல்லாம் கதைகா. நல்ல பொம்புளையாம்."

ஜெமீலா அண்டாவிலிருந்து ஒரு நெல்லை எடுத்து, அவிந்துவிட்டதா என்று நசுக்கிப் பார்த்தாள்.