பதினான்கு படிக்கு ஒரு நாற்காலி

படிக்கட்டை அளக்க வந்த கம்பெனி ஆள், சுவரில் சிவப்புப் புள்ளி அடிக்கும் ஒரு கருவியோடு மேலே வரை போய் இறங்கி வந்தார். விலையை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நான் அதை மனதுக்குள் என் ஓய்வூதியத்தால் வகுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு மாதம் வந்தது. அதாவது, நானும் என் மனைவியும் இருபத்திரண்டு மாதம் காற்றைக் குடித்து உயிரோடிருந்தால், அதன் முடிவில் ஒரு நாற்காலி பதினான்கு படி ஏறும்.

"நேர் படிக்கட்டா இருந்தா இதுல மூணுல ஒரு பங்குதான் சார்," என்றார் அவர், வீட்டைக் கோணலாகக் கட்டியது நான்தான் என்பதுபோல. "உங்களுது பதினோராவது படியில வளையுது. அதுக்கு நாற்காலி ஓடற தண்டவாளத்தைத் தனியா செய்யணும். வேற எந்த வீட்டுக்கும் பொருந்தாது."

"அப்போ திருட்டுப் போகாதுன்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவரை வரவழைத்த என் மகள் என்னை முறைத்தாள். அவர் போனபின், "அப்பா, உங்க வாயை வச்சுக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டீங்களா," என்று மட்டும் கேட்டாள்.

இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்குத் தகுதி உண்டு. முப்பத்தொரு வருடம் ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இயக்கியவன் நான். மூலையில் ஒரு முக்காலி, முக்காலி மேல் நான், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பித்தளைக் கைப்பிடி. அந்தக் கட்டடத்தில் எனக்குப் பெயரே லிப்ட்தான். 'லிப்ட் சாப்பிடப் போயிருக்கு', 'லிப்டுக்கு இன்னிக்குக் காய்ச்சலாம்' என்றுதான் பேசிக்கொள்வார்கள். யாருக்கு எந்த மாடி என்பது எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் "எந்த மாடி?" என்று கேட்பேன். கேட்பது ஒரு மரியாதை. ஒருநாள் ஒரு மேலாளரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு லிப்டுக்குள் வந்து நின்றவருக்கு, எந்த மாடி என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கதவைச் சாத்தி அவரை மேலேயும் கீழேயும் இரண்டு முறை சும்மா கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தரைத்தளம்" என்றார். இதையெல்லாம் ஒரு நாற்காலி செய்யுமா? கதவு கிடையாது, கூரை கிடையாது, சுவரோரமாக ஊர்ந்து போகும் ஒரு சாமானுக்குப் பெயர் படி லிப்டாம். வாயில் நுழைகிறதா பாருங்கள்.

கடைசியில் அந்தக் கட்டடத்திலும் பொத்தான் வைத்த லிப்ட் வந்தது. எனக்கு ஒரு கைக்கடிகாரமும் ஒரு கைகுலுக்கலும் கொடுத்து, இரண்டு வருடம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் நான் என்ன செய்ய? தினசரியை இரண்டு முறை படித்தேன். மனைவி தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னேன். அக்கம்பக்கத்தாரின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துக் கொடுப்பது அவள் தொழில். நான் யோசனை சொன்ன வாரம் ஒருவருடைய கால்சட்டை முழங்காலோடு நின்றுவிட்டது. பிறகு என்னை அந்த அறைக்குள் விடுவதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் ஒரேயடியாக மக்கர் செய்தன. கட்டில், தையல் மெஷின், குளியலறை எல்லாம் மாடியிலேயே இருப்பதால் அவள் மாடியிலேயே தங்கிவிட்டாள். அடுப்பு கீழே. ஆகவே காலை டீயிலிருந்து இரவுச் சாப்பாட்டுத் தட்டுவரை எல்லாம் நான்தான் ஏற்றி இறக்குகிறேன். ஒரு நாளைக்கு ஒன்பது நடை, துணி துவைக்கும் நாளில் பதினொன்று. வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மறுபடி உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. மேலிருந்து மெஷின் சத்தம் நின்று "என்னங்க" என்று ஒரு குரல் வந்தால் எனக்குள் எதுவோ நிமிர்ந்து உட்காரும். அவள் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பொத்தானை அமுக்கிக் கீழே வந்து, தனக்கு வேண்டிய டீயைத் தானே போட்டுக்கொண்டால் அப்புறம் நான் எதற்கு? ஒரே மனிதனைப் பொத்தான் இரண்டு முறை வேலையை விட்டு அனுப்புவது அநியாயம். இதை மகளிடம் சொல்ல முடியுமா? விலை அதிகம் என்று சொன்னேன்.

மகள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். படிவம் என்றால் அவளுக்கு உயிர். ஒரே வாரத்தில், படியேற முடியாதவர்களின் வீட்டைத் திருத்த நகர அலுவலகம் உதவித்தொகை கொடுக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து நாற்பதுக்கு மதிப்பெண் போடுவார். இருபதுக்குக் கீழே என்றால் ஒரு காசு கிடையாது. முப்பதுக்கு மேலே என்றால் நாலில் மூன்று பங்கை அவர்களே கட்டிவிடுவார்கள். பதினேழு பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் என்னிடம் கையெழுத்து வாங்கினாள். லிப்ட் பதிவேட்டில் முப்பத்தொரு வருடம் படிக்காமலே கையெழுத்துப் போட்டவன், இதற்கா கண்ணாடியைத் தேடப்போகிறேன்? மளமளவென்று போட்டுக் கொடுத்தேன். என் கணக்கு வேறு. அதிகாரி வரட்டும், இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று காட்டிப் பத்து மதிப்பெண்ணோடு அனுப்பிவிட வேண்டியதுதான்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. செருப்பை வாசலிலேயே கழற்றினார். மகள் அலுவலகத்துக்குப் போயிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

"மாடிக்கு யாரு சார் அடிக்கடி போயிட்டு வர்றது?"

"நான்தாம்மா. ஒரு நாளைக்கு ஒம்பது தடவை. சமயத்துல பதினொண்ணு."

"எல்லாத்தையும் கையில தூக்கிட்டா?"

"பின்ன? சாப்பாடு, தண்ணி, துவைச்ச துணி, ஒண்ணு விடாம. அவ ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம்."

அவர் எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சொன்னால் மட்டும் போதாது, கண்ணாலும் பார்க்கட்டும் என்று களத்தில் இறங்கினேன். மனைவிக்கு டீ கொண்டுபோனேன். அதிகாரி மேலே வந்ததும் அவருடைய பையைக் கொண்டுபோனேன். அவருக்கு டீ. அவர் கீழே விட்டுவந்த பேனா. போதாததற்கு, யாரும் கேட்காத ஒரு குடம் தண்ணீர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். என் வேகத்தைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் விறைப்பாக ஏறினேன். ஒன்பதாவது படியில் மட்டும், வழக்கம்போல, சற்று நின்றேன். அங்கிருந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது என் பழக்கம்.

இறங்கும்போது அதிகாரி அந்தப் படியில் நின்றுவிட்டார். சுவரில், தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு.

"இது என்ன சார்?"

"அந்த இடத்துல பெயின்ட் கொஞ்சம் பழசும்மா."

அவர் தன் கையைச் சுவரில் படாமல் அந்தக் கறுப்புக்கு நேராக விரித்துப் பார்த்தார். பிறகு டேப் எடுத்து அதன் உயரத்தை அளந்து எழுதினார். கூடத்துக்கு வந்து கூட்டிப் பார்த்து, "முப்பத்தி மூணு சார்," என்றார் சந்தோஷமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படி? அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கலையே?"

"மனு அம்மாவுக்கு இல்லையே சார். நீங்கதானே விண்ணப்பதாரர்?" என்று படிவத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். என் பெயர், என் வயது, கீழே மளமளவென்று போட்ட என் கையெழுத்து. "அம்மாவுக்கு வேணுங்கறது எல்லாம் மேலயே இருக்கு. கீழ வர அவசரமில்லைன்னு சொல்லிட்டாங்க. ஏறி இறங்கறது நீங்கதான். நாலாவது தடவை ஏறினப்போ உங்களால பேச முடியல, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. அவர் போகும்வரை கூடத்து நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கான குழியை நானே தோண்டி, ஆழம் போதுமா என்று குடத்தோடு இறங்கி ஏறிக் காட்டியிருக்கிறேன்.

மாடிக்குப் போனேன். மனைவி ஒரு கால்சட்டையை மடியில் போட்டு விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மனு என் பேர்லயா? என்ன இது?" என்றேன். பாதி மூச்சில்தான் வந்தது.

அவள் நூலைக் கடித்துத் துண்டித்தாள். "நீங்க ஒம்பதாவது படியில நிக்கிறீங்க."

"ஜன்னல்ல தெருவைப் பார்ப்பேன்."

"ஜன்னல் ஏழாவது படியோட முடிஞ்சுடுதுங்க."

எட்டு மாதமாக அந்தப் படியில் கையூன்றி நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் சுவரைத்தான்.

"கீழ நடக்கறது எனக்கு என்ன தெரியும்? காது ஒண்ணுதான். உங்க காலடி நின்னதும் எண்ண ஆரம்பிப்பேன். மொதல்ல நாலு எண்ணறதுக்குள்ள ஏறிடுவீங்க. போன மாசம் பதினொண்ணு ஆச்சு. நேத்து சாயங்காலம் பத்தொம்பது." ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "பத்தொம்பது வரைக்கும் நான் மூச்சு விடல."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

"கொடுத்தா இன்னும் வேகமா ஏறுவீங்க."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கோபப்படத்தான் வந்தேன், ஆனால் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருடம் நான் எங்கே நிற்கிறேன், எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். லிப்ட் நின்றால் திட்டுவார்கள். நான் நின்றதற்காக ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போதுதான் தெரிகிறது. மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "அது வந்துட்டா அப்புறம் எனக்கென்ன வேலை?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டீ தானா ஏறி வருமா? யாராவது மடியில வச்சுக்கிட்டு உட்கார வேணாமா?"

நகர அலுவலகம் நாலில் மூன்று பங்கைக் கட்டியது. மிச்சத்தில் பாதி மகள் கொடுத்தாள். மறுபாதி, ஊரில் பல பேருடைய கால்சட்டை நீளம் குறைந்ததில் வந்த காசு. மெஷின் டிராயரில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தது. இரண்டு ஆட்கள் வந்து அரை நாளில் தண்டவாளத்தைப் பூட்டினார்கள். பதினோராவது படியில் அது பிசிறில்லாமல் வளைந்தது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில், வளைவைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று நாற்காலிக்குள்ளேயே ஒரு மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கும் என்றும், மூன்று மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்று நாள் நான் அதைத் தொடவில்லை. டீயோடு அதன் பக்கத்திலேயே நடந்து ஏறினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனைப் பழைய ஆள் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன். நாலாம் நாள் காலையில் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து படியில் கால் வைக்கப் போனபோது, மேலே மெஷின் சத்தம் நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. மேல்படியருகே சுவரில் இன்னொரு பொத்தான் இருக்கிறது, கீழே உள்ள நாற்காலியை அங்கிருந்தே மேலே இழுத்துக்கொள்ள.

நான் உட்கார்ந்தேன். பெல்ட்டை மாட்டினேன். டம்ளரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வளைவு மறைத்ததால் அவள் தெரியவில்லை.

"எந்த மாடி?" என்று மேலிருந்து குரல் வந்தது.

என் ஆயுளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். அந்த அட்டைப்பெட்டிக்காரர் மாதிரி, எனக்கும் பதில் வரவில்லை. அவள் காத்திருக்கவில்லை, அமுக்கிவிட்டாள். நாற்காலி லேசாக முனகிக்கொண்டு கிளம்பியது. ஏழாவது படியில் ஜன்னல் முடிந்தது. ஒன்பதாவது படியில் அந்தக் கறுப்பு என் தலைக்குச் சற்று மேலே வந்து, நிற்காமல் பின்னால் போனது. டீயின் மேல் படிந்திருந்த ஆடைகூடக் கலையவில்லை. பதினோராவது படியில் நாற்காலி திரும்பியதும் அவள் தெரிந்தாள். ஒரு கை சுவரில், ஒரு விரல் பொத்தானில், உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள்.