கெண்டை போனால் போகட்டும்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை பார்க்கிறாள். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்குமே, அதில் கால் வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காலை எடுக்க மாட்டாள். ஏரிக்குத் தனியாக மீன் பிடிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அழுத்தினாள் பாருங்கள் ஒரு அழுத்து.

"தனியாவா? உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? டாக்டர் சொன்னதெல்லாம் அதுக்குள்ள மறந்துபோச்சா?"

மறந்தால்தானே! மறக்க முடியாமல்தான் ஏரிக்குப் போக நினைத்தேன்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்த பிறகு சில வருடங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினே கதியென்று கிடந்தேன். லிப்ட் மெக்கானிக் நான். அடுத்தவர்களை மேலும் கீழும் கொண்டுபோகிறவன், என் வீட்டு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கி நின்றேன். போன குளிர்காலத்தில் அக்கா தன்னுடைய சிறுநீரகம் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டிவிட்டுக் கொடுத்திருப்பாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதியதை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. முன்னால், அடிவயிற்றில் வலது ஓரமாக வைக்கிறார்கள். கை வைத்தால் தட்டுப்படும். எங்கள் வீட்டில் அதற்கும் அக்கா என்றே பெயர். "சத்தம் போடாதே, அக்கா தூங்குறா" என்று வயிற்றைக் காட்டி மனைவியைச் சீண்டுவேன்.

இந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. வந்த விருந்தாளியை என் உடம்பு வெளியே தள்ளப் பார்க்கிறதோ என்று டாக்டர் சந்தேகப்பட்டு, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி மருந்து ஏற்றினார். வீட்டுக்கு அனுப்பும்போது, "மருந்து கேக்குதான்னு திங்கட்கிழமை ரத்தத்துல தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி உங்க உடம்பே சொல்லும். சிறுநீர் நல்லாப் பிரிஞ்சா சந்தோஷம், குறைஞ்சா உடனே வந்துடுங்க" என்றார். ஏரிக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தண்ணிக்குள்ள விழாம போயிட்டு வாங்க" என்றார். நல்ல மனிதர்.

வீட்டில் இருப்பது பெரும்பாடாகிவிட்டது. நான் கழிவறைக்குள் நுழைந்தால் வெளியே மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கதவைத் திறந்தால் பரீட்சை ரிசல்ட் கேட்பது போல ஒரு பார்வை. கூடவே அக்காவின் போன்: "போனியா? எவ்வளவு?" உலகத்தில் எந்த மனிதனுக்கும் இந்தக் கண்காணிப்பில் ஒரு சொட்டும் வராது.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "என்னோடது சரியில்லையோடா? நல்லதை நான் வச்சுக்கிட்டு, பழுதானதை உனக்குக் கொடுத்துட்டேனோ?"

கொடுத்தவளே குற்றவாளி போல நிற்கிறாள், வாங்கியவன் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சமையலறையைவிட்டு எங்காவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் ஏரி என்றேன், அவள் கத்தினாள், கடைசியில் அவளே, "சரி, போய்த் தொலை. போன் அடிச்சா எடுக்கணும்" என்று விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் விடியும் முன்பே ஏரிக்கரையில், ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் என் கயாக் படகைக் கார் கூரையிலிருந்து இறக்கினேன். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வருடக்கணக்கில் தொங்கிக் கிடந்ததில் அதற்குள் சிலந்திகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அழுக்குத் தண்ணீர் படக்கூடாதென்று கையுறை போட்டேன். மிதவைச் சட்டையின் வார் அக்காவை அழுத்தாதபடி தளர்த்திக்கொண்டேன். கரையைத் துடுப்பால் ஒரு தள்ளு தள்ளியதும் கயாக் சத்தமில்லாமல் வழுக்கிப் போனது.

அப்பாடா! கேள்வி கேட்க ஒரு ஆள் இல்லை. நாளெல்லாம் லிப்ட் குழிக்குள் டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்பவனுக்கு அவ்வளவு பெரிய வானத்தைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். மூடுபனி தண்ணீரை ஒட்டிக் கிடந்தது. நாணல் ஓரமாகத் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பாட்டிலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடித்தேன். மெஷினில் கிடந்த நாட்களில் தண்ணீரை அளந்துதான் தருவார்கள். ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அது கரையாமல் இருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். இன்று நாக்கு நனைய, தொண்டை நனையக் குடிக்கிறேன். எல்லாம் அவள் போட்ட பிச்சை. இதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னால் அறை விழும்.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோது தக்கை ஒரு தடவை துள்ளி, சரேலென்று உள்ளே போனது. இழுத்தேன். கம்பு வில்லாக வளைந்தது. கயாக்கின் மூக்கே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மீன் ஒரு முறை மேலே புரண்டு காட்டியது, கெண்டை. என் தொடை அளவு இருக்கும். அப்படி ஒன்றை வாழ்நாளில் நான் பிடித்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது.

சாதாரணமாக இல்லை, முட்டிக்கொண்டு. முதலில் பயம் என்றுதான் நினைத்தேன். இல்லை. அடிவயிறு கனத்து, காலை இறுக்கிக்கொண்டாலும் நிற்காது என்கிற அந்தப் பழைய, அருமையான அவஸ்தை. ஒரு கையில் ரீல், ஒரு கையில் கம்பு, கரை எங்கேயோ இருக்கிறது. எந்த மீன்காரனும் தலையில் அடித்துக்கொள்ளும் நேரம். நானோ பைத்தியக்காரனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கெண்டை போனால் போகட்டும். கம்பைப் பக்கத்தில் போட்டேன். படகுக்குள் சேரும் நீரை மொண்டு ஊற்ற வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு, கயாக் கவிழாமல் மெல்ல மண்டி போட்டேன். தூண்டில் நரம்பு தளர்ந்தது. தூரத்தில் பளாரென்று ஒரு வால் அடித்துவிட்டு மீன் மறைந்தது. இங்கே நின்றபாடில்லை. டப்பா நிறைந்தது, வழிந்தது, என் முழங்கால் நனைந்தது. நன்றி, நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள், கண்ணில் பட்ட எல்லாவற்றிடமும் சொன்னேன்.

பையிலிருந்த போன் அடித்தது.

"மீன் மாட்டுச்சா?" என்றாள் அக்கா. பின்னால் கார் எஞ்சின் உறுமியது. காலைப் பாடத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தாள்.

"மாட்டுச்சுக்கா. ரொம்பப் பெருசு. விட்டுட்டேன்."

"ஏன்டா?"

"ஒண்ணுக்கு வந்துருச்சு. அடக்க முடியல. பெரிய டப்பாக்கா, நிறைஞ்சு வழிஞ்சுச்சு."

அவள் பக்கத்திலிருந்த யாரிடமோ, "வண்டியை ஓரம் கட்டுங்க. மெதுவா. அப்படித்தான், நிறுத்துங்க" என்றாள். எஞ்சின் அடங்கியது. அப்புறம் அவள் அழுவது கேட்டது. ஆபரேஷனுக்குப் போனபோதும் அழவில்லை, வலியோடு வீட்டுக்கு வந்தபோதும் அழவில்லை அவள்.

"இன்னும் திங்கட்கிழமை ரத்தம் பாக்கணும்கா. அதுக்குள்ள ரொம்ப..."

"தெரியும், சும்மா இரு." மூக்கை உறிஞ்சினாள். "என்னோடது நல்லாத்தான்டா இருக்கு, இல்ல?"

"தங்கம்கா."

அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆண்குரல் பயந்து பயந்து கேட்டது: "மேடம், நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லைங்க," என்றாள் அக்கா. "யாரும் எந்தத் தப்பும் பண்ணல. வண்டியை எடுங்க."