சார்ந்திருப்பவர்

கம்பம் பேருந்து தேனியை விட்டுக் கிளம்பியபோது ஜெயமேரிக்கு ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. மடியில் ஒரு பழுப்பு உறை. மகள் மெர்லினின் படிப்புக் கடனுக்கு வங்கியில் மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கு கேட்டிருந்தார்கள். அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஆடிட்டர் ஆபீசுக்கு முதல் முறையாக ஜெயமேரியே போய் வாங்கி வருகிறாள். ஆடிட்டர் பலவேசம் வெளியே போயிருந்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த விஜி என்ற பெண்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். ஏழு வருஷமாக ஜெயமேரியின் கணக்கை அந்த ஆபீஸில்தான் தாக்கல் செய்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பதினாறாம் நம்பர் படிவத்தை வாங்கிக்கொண்டு தேனிக்குப் போய்வருவது கணவர் அந்தோணிமுத்துவின் வேலை. வகுப்பை விட்டுவிட்டு நீ எதுக்கு அலையிற என்பார். அவளும் விட்டுவிட்டாள்.

இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திய கண் அது. கையில் அச்சடித்த தாள் இருந்தால் சும்மா இருக்காது. பெயர், பான் எண், பள்ளிக்கூடம், சம்பளம் எல்லாம் சரி. வீட்டுக் கடன் வட்டியும் சரி. அடுத்த பக்கத்தில் வரிக் கழிவுகள். கடுமையான ஊனமுற்ற, சார்ந்திருக்கும் நபர்: ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம். உறவு: மகன். அதற்கு நேராக ஆதார் எண். அந்த எண்ணை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். எட்வினின் எண்.

விஜி பழைய வருஷத்துத் தாளைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டாளோ என்று தாளின் மேலே வருஷத்தைப் பார்த்தாள். இல்லை. மூன்று வருஷத்துத் தாளிலும் அந்தக் கழிவு இருந்தது. பிறந்ததிலிருந்து கழுத்து நிற்காமல், பத்தொன்பது வயது வரை ஒருத்தர் தூக்கி உட்காரவைக்காமல் உட்கார்ந்தறியாத அவளுடைய மகன் எட்வின், இறந்து நாலு வருஷம் தாண்டிவிட்டது.

வீரபாண்டியில் பேருந்து நின்றதும் இறங்கினாள். எதிர்ப்பக்கம் போய், தேனிக்குப் போகும் பேருந்துக்காக வெயிலில் நின்றாள். பிணத்தின் கையைப் பிடித்து ரேகை வாங்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அப்படித்தான் என் பிள்ளையின் கையையும் இந்த ஆடிட்டர் பிடித்திருக்கிறான் என்று நினைத்தாள். வருஷத்துக்கு இருபத்தாறாயிரம் ரூபாய் வரி மிச்சம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. கணக்குப் போட்ட மனத்தின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

உரக்கடை மாடியில் இருந்த ஆபீஸில், கணக்குத் தாக்கலுக்குக் கடைசித் தேதி நெருங்கிய கூட்டம். பெஞ்சில் ஐந்தாறு பேர், எல்லோர் கையிலும் அதே பதினாறாம் நம்பர் படிவம். பலவேசம் திரும்பி வந்திருந்தார். ஜெயமேரி யாரையும் கேட்காமல் நேராகப் போய் அவர் மேஜையில் தாளை வைத்து, அந்த வரியின் மேல் விரலை ஊன்றினாள்.

"இவன் இப்ப எங்கன இருக்கான் சார்?"

தாளில் பெயரைப் பார்த்தும் அவருக்குப் புரியவில்லை. தம்பிக்கு என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"செத்து நாலு வருசமாச்சு."

விஜியின் தட்டச்சுச் சத்தம் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். பலவேசம் கண்ணாடியைக் கழற்றினார். திருட்டு பிடிபட்ட முகத்தை எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள். அந்த முகத்தில் இருந்தது அது இல்லை. அந்த ஆள் நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார்.

"உங்க வீட்டு சார் ஒண்ணுமே சொல்லலையே டீச்சர். வருசா வருசம் நான் கேக்குறதுதான், பையன் எப்படியிருக்கான்னு. போன வருசம்கூட, இப்பக் கொஞ்சம் தேவல, கஞ்சியத் தானா முழுங்குறான்னு சொன்னாகளே."

எட்வின் ஒருநாளும் தானாகக் கஞ்சி முழுங்கியதில்லை. தொண்டையை நீவிவிட வேண்டும்.

பலவேசம் சீக்கிரமே தொழிலுக்குத் திரும்பிவிட்டார். குரலைத் தணித்துக்கொண்டு, நடந்தது நடந்துபோச்சு, இந்த வருஷத்திலிருந்து எடுத்துவிடலாம், பழசை யாரும் தோண்ட மாட்டார்கள் என்றார். நாமாகப் போய்த் திருத்தினால் வரி, வட்டி, அதற்கு மேல் அபராதம்போல ஒரு கூடுதல் வரி எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தொடும். உங்க சர்வீசுக்கும் எதுக்கு டீச்சர் வம்பு என்றார். அந்த ஒன்றரை லட்சம் அவளிடம் இருந்தது. மெர்லினின் கல்லூரிக்கும் விடுதிக்கும் முதல் தவணையாக அடுத்த வாரம் கட்ட வைத்திருந்த பணம். கடன் பிறகுதான் வரும்.

சனிக்கிழமை வருகிறேன், மூன்று வருஷத்தையும் திருத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தன் ஊரான ராயப்பன்பட்டியில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. தோட்டத்துக்கு நடந்தாள். திராட்சைப் பந்தலுக்கடியில் அந்தோணிமுத்து கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடியைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். தாளை அவரிடம் நீட்டினாள். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது. ஆனால் என்ன தாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கை தானாக இறங்கியது.

கொடி கட்டும் சணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அடக்கம் முடிந்த ஆறாம் மாதம் தேனிக்குப் போனாராம். ஆடிட்டர் தேநீர் வாங்கிக் கொடுத்து, பையன் எப்படியிருக்கான் என்று கேட்டாராம்.

"ஊருக்குள்ள ஒருத்தரும் இப்ப அவனப் பத்திக் கேக்குறதில்ல, மேரி. அவரு கேட்டாரு. இருக்கான்னுட்டேன். பெறகு மாத்திச் சொல்ல வாய் வரல."

ஒரு கணம் அவளுக்குள் ஏதோ இளகப் பார்த்தது. அந்தக் கணத்தில்தான் பந்தலைப் பார்த்தாள். மூன்று வரிசைக் கல்தூண்கள் புதிதாக நின்றன. புதுக் கம்பி வெயிலில் மின்னியது. வரி திரும்பி வந்த பணமா என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். தாளில் மட்டும் சாகாத பிள்ளையின் பணத்தில் தூண் ஊன்றியிருக்கிறார்.

பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்கள் இருந்ததால் அவள் சத்தம் போடவில்லை. குரல் பல்லுக்கிடையில் வந்தது.

"ரேசன் கார்டுல பேரடிக்க நான்தான் நின்னேன். அவனோட உதவித்தொகைய நிறுத்தச் சொல்லித் தாலுகா ஆபீசுல நான்தான் நின்னேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் குனிஞ்சு குனிஞ்சு, செத்துப்போனான், செத்துப்போனான்னு என் வாயாலயே சொன்னேன். ஒரு நாளு நீங்க கூட வரல. நீங்க அங்கன போயி அவனுக்குக் கஞ்சி ஊட்டிட்டு வந்திருக்கீக."

அவர் கையிலிருந்த சணலை விரலில் சுற்றிக்கொண்டே, மெர்லினுக்குப் பணம் கட்டிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாமே என்றார். நியாயமான பேச்சுத்தான். அது நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து மெர்லினுக்குக் கட்டுவேன், இந்தத் திருத்தம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது என்றாள். பிறகு வரப்பில் திரும்பி நடந்தாள். அவர் பின்னால் வரவில்லை. இத்தனை வருஷம் பொய்யைத் தனியாக அவர் வைத்துக்கொண்டிருந்தார், உண்மையைத் தனியாக அவள் சுமந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க நடை வேகமாகியது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மெர்லின் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்துகொண்டாள். சனிக்கிழமை காலையில் ஜெயமேரி அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டாள். அவர் எடுத்து மாட்டிக்கொண்டு பின்னாலேயே பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவர் இடமிருந்தும் தேனி வரை நின்றுகொண்டே வந்தார்.

ஆபீஸில் பலவேசம் கைகுவித்து வணங்கினார். பையனைப் பற்றி இந்த முறை கேட்கவில்லை. பைலில் வைக்க இறப்புச் சான்று நகல் வேண்டும் என்றார். ஜெயமேரி பையிலிருந்து அதை எடுத்து மேஜையில் வைக்காமல் கணவரின் கையில் கொடுத்தாள். அந்தத் தாளை அவர் அன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறார். அதைப் பிரிக்காமலே விஜியிடம் நீட்டினார். தேதி என்னங்க சார் என்று விஜி கேட்டாள். ஜெயமேரி வாய் திறக்கவில்லை. அவள் திறக்க மாட்டாள் என்று தெரிந்த பிறகு அவர் சொன்னார், மெதுவாக, நாள், மாதம், வருஷம் என்று.

விஜி மூன்று வருஷத்துக் கணக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, கழிவு இருந்த கட்டத்தில் சைபர் போட்டாள். ஜெயமேரியின் வங்கிக் கணக்கிலிருந்து வரியைக் கட்டி, அந்த ரசீது எண்ணைச் சேர்த்தாள். கடைசியாக, சரிபார்க்க ஓ.டி.பி. வரும், டீச்சரோட ஆதாரில் சாரோட போன் நம்பர்தான் இருக்கு, சொல்லுங்க என்றாள்.

அந்தோணிமுத்துவின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். போனைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். ஜெயமேரி இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள். ஆறு எண்களில் மூன்றை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு குரல் நின்றது. ஜன்னலில் வெள்ளைச் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. திரையின் மூலையில் நொடிகள் குறைந்துகொண்டிருக்க, நாலாவது எண்ணுக்காக விஜியின் விரல்கள் கீபோர்டுக்கு மேல் அந்தரத்தில் நின்றன.